இடப்பக்கத்திலிருந்து வருவது

அன்று அந்தத் தறிக் குடோனில் இருந்தவர்கள்:

வெங்கடபதி, குடோன் முதலாளி.

பூஜிதா, அவருடைய மகள்.

அருள்குமார், அதாவது நான். அங்கே இரவு ஷிப்ட் ஓட்டியவன், பாதியில் விட்டுப் போனவன்.

ஆள் மூன்றுதான். வெங்கடபதியின் மகன் ஹர்ஷா செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவனை இதில் சேர்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது இடது காது கேட்காது. அதை வைத்து என் பேச்சைச் சந்தேகப்படுகிறவர்கள் படலாம். அன்று காலை இரண்டு காதும் நன்றாகக் கேட்டன.

சோமனூரில் அன்று மாதாந்திர மின்தடை. ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை. ஊரே செத்துக் கிடந்தது. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த அமைதி காதுக்குள் இரைச்சலாகத்தான் கேட்கும். மறுநாள் பழைய இரும்புக்காரன் சின்னான் லாரியோடு வருவதாக இருந்தது. நாலாம் நம்பர் தறியைக் கழற்றித் தரச் சொல்லி வெங்கடபதி கூப்பிட்டிருந்தார். அதை எட்டு வருடம் ஓட்டியவன் நான்.

"வாடா அருளு. ஆளே பாதியாயிட்ட. சாப்புடறியா, இல்லியா?" என்றார். குரல் பழைய மாதிரியே இருந்தது. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

குடோனுக்கு ஜன்னல் கிடையாது. கதவு வழியாக நாலு அடிக்குத்தான் வெயில் போகும். அதற்கப்புறம் பஞ்சுத் தூசியும் எண்ணெய் நாற்றமும் இருட்டும். மூன்றாம் தறிக்கும் நாலாம் தறிக்கும் நடுவில் ஒரு நூல் மூட்டை கிடந்தது. ஹர்ஷா உட்காரும் மூட்டை. அதன் மேல் பூஜிதா உட்கார்ந்திருந்தாள். மடியில் அவனுடைய வீடியோ கேம்.

"உங்களுக்காகத்தானுங்ணா நைனாவக் கூப்புடச் சொன்னேன். தறிக்கில்ல."

அந்தக் கேம் எனக்குத் தெரியும். தாளத்துக்கு ஏற்ற மாதிரி பொத்தானை அழுத்தும் விளையாட்டு அது. ஒவ்வொரு பாகத்திலும் பத்து இருபது சின்ன ஆட்டங்கள் இருக்கும். மற்றதெல்லாம் மாறும். ஒரு கராத்தேக்காரன் மட்டும் எல்லாப் பாகத்திலும் திரும்ப வந்துவிடுவான். நின்ற இடத்திலேயே நிற்பான். இடப்பக்கத்திலிருந்து பூத்தொட்டி வரும், பல்பு வரும், கல் வரும். தாளத்தில் குத்த வேண்டும். தப்பினால் அது அவனைத் தாண்டிப் போய்விடும்.

எறிவது யார் என்று எந்தப் பாகத்திலும் காட்ட மாட்டார்கள்.

"பாருங்க" என்று ஆரம்பித்தாள். பூத்தொட்டி வந்தது. குத்தினாள். பல்பு. குத்தினாள். பிறகு ஒரு பிளாஸ்க் மூடி வந்தது. சிவப்பு, ஓரம் உடைந்தது. அடுத்து எண்ணெய் டப்பா. அடுத்து வார் அறுந்த ரப்பர் செருப்பு.

என் பிளாஸ்க். என் டப்பா. என் செருப்பு. ஹர்ஷா செத்த இரவு நாலாம் தறிக்குக் கீழே கிடந்தவை.

"இதெல்லாம் கேம்ல இல்லீங்ணா. நெட்டெல்லாம் தேடிட்டேன்."

"அப்புறம் என்ன வருது?"

"அப்புறம் இருட்டாயிருதுங்க. எப்ப வருதுன்னே தெரியறதில்ல. தப்பிப்போச்சுன்னா..." துப்பட்டாவை விலக்கினாள். தோளில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமான கன்றல், பழசாகிப் பச்சை நிறத்தில் இருந்தது. கழுத்தில் இன்னொன்று, நீலமாக. காதுக்குக் கீழே மூன்றாவது. அது இன்னும் சிவப்பாகவே இருந்தது.

மேலே ஏறிக்கொண்டே வருகிறது.

ஹர்ஷாவுக்கு இடது நெற்றிப் பொட்டில் பட்டது.

அந்த வட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஊடை நூலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொண்டு ஓடுகிற மரக்கட்டையை நாடா என்போம். முனையில் இரும்பு இருக்கும். தறியை விட்டு அது பறந்தால் தோட்டா மாதிரி வரும்.

"ஆப் பண்ணித் தூக்கிப்போட வேண்டியதுதானே?"

"பேட்டரியக் கழட்டி பீரோவுல வெச்சேனுங்ணா. அப்பவும் அங்கிருந்தே வந்துச்சு. கையில இருந்தா குத்தவாச்சும் பாக்கலாமில்ல?"

திரை இருண்டது.

வெங்கடபதி கதவருகே நின்றிருந்தார். "இன்னிக்கு கரண்ட் இல்லீல்ல?" என்றார் மெதுவாக.

நாலாம் தறி ஓடிக்கொண்டிருந்தது.

எதுவும் அசையவில்லை. பாவு நூலில் தூசி அப்படியே இருந்தது. சத்தம் மட்டும் வந்தது. டக். டக். டக். மூட்டை அதிர்ந்தது. சூடான எண்ணெயின் நாற்றம் மூக்கில் ஏறியது.

"அண்ணா" என்றாள் பூஜிதா. கட்டைவிரலைப் பொத்தான் மேலேயே வைத்திருந்தாள். "எப்பங்ணா?"

எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால், எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார்.

டக். டக்.

"தறியக் கேக்காத. என் குரல மட்டும் கேளு" என்றேன். "ஏழு நேரா விழும். எட்டாவது லேட்டா விழும். அதுல வராது, விட்டுரு."

ஏழு விழுந்தது. எட்டாவது அரைத் தட்டு தாமதமாக வந்தது.

"இன்னொருக்கா. பொறு."

மறுபடி ஏழு. மறுபடி அதே தாமதம்.

"இப்ப ஏழு முடிஞ்சதும் நின்ன மாதிரி இருக்கும். கை பரபரங்கும். அழுத்திராத."

ஐந்து. ஆறு. ஏழு.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

"இப்ப!"

அழுத்தினாள். குடோனுக்குள் ஏதோ மரம் பிளந்த சத்தம். என் முகத்தில் சிராய் தெறித்தது. பூஜிதா தன் நெற்றியைத் தடவிப் பார்த்தாள், கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. சத்தம் நின்றிருந்தது.

அவள் அழ ஆரம்பித்தாள்.

வெங்கடபதி அழவில்லை. "தானா குனிஞ்சு தறிகிட்ட வந்துட்டான்னுதானே போலீசுல சொன்ன" என்றார். "உனக்கு எப்பிடிடா அந்தக் கணக்குத் தெரியும்?"

சொன்னேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஹர்ஷா கேமின் சத்தத்தை அணைத்துவிட்டு என் தறியின் தாளத்துக்கு ஆடுவான். ஒரு குத்துகூடத் தப்பாது. அன்று தறியில் நாடாவை அடித்து விடுகிற ஒரு தோல் வார் தளர்ந்தது. எட்டுக்கு ஒன்று தாமதமாக விழுந்தது. சத்தம் மாறினால் தறியை நிறுத்த வேண்டும். தொழிலில் முதல் பாடம் அதுதான். அவன் எட்டாவது குத்தை விட்டுவிட்டு, "அருளு, உன் தறியால நான் தோக்கறன்டா" என்று கத்தினான். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பத்து நிமிடம் அப்படியே ஓட விட்டேன். கடைசியில் ஏழு விழுந்து, நின்ற மாதிரி இருந்து, நாடா பறந்தது.

"சிரிச்சீங்களாங்ணா?" என்றாள் பூஜிதா.

"ஆமா."

"அவனுமா?"

"அவனும்தான்."

அவள் கேமை மூட்டை மேல் வைத்துவிட்டு எழுந்தாள். வெங்கடபதி அவள் கையைப் பிடித்து வெயிலுக்குள் கூட்டிப் போனார். நானும் பின்னால் நடந்தேன். அவர் வாசலில் திரும்பி, கையை என் மார்பில் வைத்து நிறுத்தினார். தள்ளவில்லை.

"நீங்க இருங்க."

எட்டு வருடத்தில் அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அப்போதுதான்.

"எங்ககிட்டச் சொன்னது போதுங்க. அவன்கிட்டயும் சொல்லிப்போட்டு வாங்க."

கதவு மூடிக்கொண்டு வந்தது. வெயில் ஒரு கோடாகச் சுருங்கி அணைந்தது.

மூட்டை மேல் திரை தானாக ஒளிர்ந்தது. எப்போதும் நிற்கிற இடத்தில் கராத்தேக்காரன் இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது. எனக்கு இடப்பக்கம் நாலாம் தறி இருந்தது.

வெளியே தாழ்ப்பாள் இழுபட்டது. சங்கிலி கம்பியில் மோதிக்கொண்டே நுழைந்தது. என்னையறியாமல் எண்ணினேன். ஐந்து. ஆறு. ஏழு.

பூட்டு அரைத் தட்டு தாமதமாக விழுந்தது.