உங் என்றால் பூ

உங் என்றால் குண்டுத் தவளை. மண்ணுக்குள் புதைந்து கிடந்து, முதல் மழைக்கு வெளியே வந்து, கன்னம் உப்ப "உங்... உங்..." என்று ராத்திரி முழுக்கக் கத்துமே, அதுதான்.

வடக்குத் தாய்லாந்தின் லம்பூனில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் தியன் அக்காவின் மகளுக்கும் அதுதான் பெயர். பள்ளியில் வருகை எடுக்கும்போது மட்டும் அவள் கன்யாரத். மற்ற நேரமெல்லாம் உங்.

போன மழைக்காலத்திலிருந்து கடையின் மாடி அறையில் இனெஸ் பெரியம்மா குடியிருந்தாள். போர்ச்சுகல்காரி. உறவு இல்லை, வயதுக்குத்தான் பெரியம்மா. காலையில் சைக்கிளில் கிளம்பினால் கோயில் சுவர் ஓவியம், தறி வீடு, சந்தை என்று சுற்றுவாள். எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "இதுக்குப் பேர் என்ன?" பதிலை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள். மாலையில் திரும்பும்போது கை நிறைய ஊர் இருக்கும்.

ஒருநாள் அவள் உங்கிடமே கேட்டாள். "உன் பேருக்கு என்ன அர்த்தம்?"

உங் வாயைத் திறந்தாள். தவளை என்ற சொல் வெளியே வரவில்லை. கடை வாசல் மரத்தில் வெள்ளை ஆர்க்கிட் கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பூவை எங்கள் பக்கம் 'உவங்' என்போம்.

"அதோ," என்றாள். விரல் தானாக நீண்டுவிட்டது.

உங்குக்கும் உவங்குக்கும் உள்ள வித்தியாசம் பெரியம்மாவின் காதுக்கு எட்டவில்லை. உள்ளங்கையில் 'உங்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் வரைந்தாள். "உனக்குப் பொருத்தமான பேர்," என்றாள்.

யாரும் உங்கிடம் அப்படிச் சொன்னதே இல்லை. அன்று மாலையே உண்மையைச் சொல்லிவிட நினைத்தாள். மறுநாளும் நினைத்தாள். ஆனால், பெரியம்மா இப்போது அவளை ஒரு பூவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

இதற்கிடையில் அம்மாவின் தம்பி விச்சித் மாமாவுக்குக் கல்யாணம் வந்தது. மணப்பெண் சிரிபோன், சியாங்மாய்க்காரி.

பெரியவர்கள் வரிசையாக வந்து மணமக்கள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்தினார்கள். நூல் கட்டும்போது சொல்வது பலிக்கும். அதனால் எல்லோரும் யோசித்துத்தான் சொல்வார்கள்.

"பானையில அரிசி குறையாம இருக்கட்டும்," என்றார் சடங்கை நடத்திய புன்மா தாத்தா.

"மொதல் பிரசவமே ரெட்டையா இருக்கட்டும்!" என்றார் ஒருவர். மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது.

இனெஸ் பெரியம்மாவின் முறை வந்தது. புதுப் பட்டுப் பாவாடை கட்டியிருந்தாள். காலையில் பூவோடு மறுபடி எழுதிவைத்திருந்த உள்ளங்கையை ஒருமுறை ரகசியமாகப் பார்த்துக்கொண்டு, நூலை முடிச்சுப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சிரிபோன், நீ நூறு வயசு வாழணும். எப்பவும் உங் மாதிரியே இருக்கணும்!"

பக்கத்து வீட்டுப் பையன் தோங், "உங்... உங்..." என்று கத்தினான். பையன்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

"என்ன இது!" மணப்பெண்ணின் அம்மா எழுந்துவிட்டாள். "நல்ல நாள் அதுவுமா என் பொண்ணைத் தவளை மாதிரி இருன்னா என்ன அர்த்தம்?"

சிரிபோன் கொஞ்சம் பூசின உடம்பு. இறுக்கமான கல்யாண ரவிக்கைக்குள் காலையிலிருந்து மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள், இப்போது தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"தப்பா சொல்லிட்டேனா?" என்று கேட்டாள் பெரியம்மா. அவளுடைய சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் உதட்டிலேயே நின்றது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"பாவம், வெளிநாட்டுக்காரங்க. நம்ம பேச்சு அவங்களுக்கு வரல," என்றார் யாரோ.

தூணுக்குப் பின்னால் உங் நின்றிருந்தாள். காது இரண்டும் எரிந்தன. மெதுவாகச் சமையல் பக்கம் நழுவிவிடலாம். யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்பதுதான் அவளை அசையவிடாமல் செய்தது. பெரியம்மா தன் உள்ளங்கைப் பூவைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கே தப்பு என்று தன் கையிலேயே தேடினாள்.

"பெரியம்மா மேல தப்பு இல்ல!" உங்கின் குரல் கீச்சென்று வந்தது. "நான்தான் பொய் சொன்னேன். உங்னா ஆர்க்கிட் பூன்னு சொன்னேன்."

"எதுக்குடி அப்படிச் சொன்ன?" அகப்பையோடு வந்து நின்றாள் உங்கின் அம்மா.

"தவளைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மறுபடியும் சிரிப்பு, முன்னைவிடப் பெரிதாக. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான். ஊரே சிரித்ததைவிட அம்மாவின் சிரிக்காத முகம்தான் உங்கைக் குத்தியது.

"சரி, பொய்யோ நெசமோ, கட்டினது கட்டினதுதானே?" மணப்பெண்ணின் அம்மா விடவில்லை. "சொன்ன சொல்லு அந்த நூல்ல ஏறிடுச்சு. அறுக்கவும் கூடாது. இப்ப என்ன பண்றது?"

புன்மா தாத்தா தலையைச் சொறிந்தார்.

உங் அந்த நூலையே பார்த்தாள். பிறகு மணப்பெண்ணின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, அது என்னோட பேரு. அதை என் கையில கட்டிடுங்க. உங்களுக்குப் பெரியம்மா வேற கட்டுவாங்க."

புன்மா தாத்தா தொடையில் தட்டினார். "அட! அறுத்தாத்தானே குத்தம்? அவிழ்த்து, பேருக்காரி கையில கட்டினா என்ன குத்தம்?"

சிரிபோன் கையை நீட்டினாள். உங் நகத்தால் நெம்பினாள். முடிச்சு அவிழ நேரமானது. அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, அந்த நூலை வாங்கி மகளின் மணிக்கட்டில் சுற்றினாள்.

"நீ பொறந்தப்ப அழவே இல்ல," என்றாள் தணிந்த குரலில். "எல்லாரும் பயந்துட்டோம். அப்ப ஜன்னலுக்கு வெளியே உங் ஒண்ணு கத்துச்சு. அதைக் கேட்டுத்தான் நீ வீல்னு அழுத."

உங் இதைக் கேட்டதே இல்லை. ஏன் இந்தப் பெயர் என்று அவளும் ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மா முடிச்சை இறுக்கினாள். "உங் மாதிரியே இரு."

பெரியம்மா புது நூல் எடுத்தாள். குனிந்து உங்கின் காதில் கேட்டாள்: "பூவை எப்படிச் சொல்லணும்?"

"நீட்டிச் சொல்லணும். மேலேயிருந்து சறுக்கி விழற மாதிரி. உ-வங்."

பெரியம்மா அப்படியே சொன்னாள். சிரிபோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனாலும் வெட்கம் அதோடு போய்விடுமா? சாப்பாட்டு நேரத்தில் தோங்கும் அவன் கூட்டாளிகளும் விடாமல் கத்தினார்கள். உங் தண்ணீர்ப் பானைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். சிறிது நேரத்தில் பெரியம்மாவும் அங்கே வந்தாள்.

"மன்னிச்சிடுங்க, பெரியம்மா."

"கோவம் இருக்கு," என்றாள் பெரியம்மா. "அந்தப் பொண்ணு தலை குனிஞ்சது இன்னும் கண்ணுலயே நிக்குது."

பெரியம்மா பட்டுப் பாவாடை மண்ணாவதைப் பார்க்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனிமே உன்னை எப்படிக் கூப்பிடணும்? பூன்னா, இல்ல தவளைன்னா?"

உங் கொஞ்சம் யோசித்தாள். "தவளைன்னுதான்."

"அப்ப சரியா சொல்லிக் கொடு. இந்தத் தடவை நெசமா."

"சின்னதா சொல்லணும். வயித்துலேர்ந்து வரணும். உங்!"

"உவங்."

"ஐயோ, பூ ஆயிடுச்சு! கன்னத்தை உப்பிக்குங்க. உங்!"

பெரியம்மா கன்னத்தை உப்பிக்கொண்டாள். "உங்!"

கல்யாண வீடே அதிர்ந்தது. தோங்கின் கூட்டம் வாயடைத்துத் திரும்பிப் பார்த்தது.

அப்போது பந்தலுக்குள்ளிருந்து, நகையும் பூவுமாக உட்கார்ந்திருந்த மணப்பெண்ணிடமிருந்து, நல்ல கனத்த குரலில் பதில் வந்தது.

"உங்!"