சத்திரத்தில் காத்திருந்தவள்

விழுப்புரத்திலிருந்து வந்த வேன், திண்டிவனம் ரயிலடிக்குப் பின்புறத் தெருவில் அந்த ஓட்டு வீட்டின் முன்னால் நின்றபோது ஆவணி வெயில் இன்னும் தணியவில்லை. 2003ஆம் வருஷம். தேவயானி கழுத்தில் புது மஞ்சள் கயிற்றோடு இறங்கினாள். மாமியார் ஆரத்தி எடுத்தாள். பீரோவை இறக்கி வைத்தார்கள். மறுநாள் காலையிலேயே மாமியார் மூத்த மகனோடு விக்கிரவாண்டிக்குக் கிளம்பிவிட்டாள். அந்தப் பெரிய பழைய வீட்டில் தேவயானியும் அவள் கணவன் சந்தோஷும் மட்டும் மிஞ்சினார்கள்.

கூடத்துச் சுவரில் தனத்தின் படம் தொங்கியது.

தனம் சந்தோஷின் முதல் மனைவி. கல்யாணமாகி இரண்டாவது வருஷம் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். இரண்டாந்தாரம் என்று தெரிந்துதான் தேவயானி சம்மதித்தாள். படத்துக்குத் தினமும் பூ வைத்தாள். பீரோவின் அடித்தட்டில் மடித்துக் கிடந்த தனத்தின் புடவைகளைக்கூட அவள் அப்புறப்படுத்தவில்லை. 'என்ன மனசு இந்தப் பொண்ணுக்கு!' என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சந்தோஷ் பஸ் நிலையத்தருகே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். சாயங்காலம் வீடு திரும்பி, முகம் கழுவி, காபியைக் குடித்த கையோடு கூடத்து மேஜைக்குப் போய்விடுவான். திரையில் நாலு சின்ன உருவங்கள் வரிசையாகக் காட்டிலும் குகையிலும் நடந்து போகும். சண்டை வரும், புதையல் கிடைக்கும், கீழே ஆங்கிலத்தில் பேச்சு ஓடும். 'மோர்வென் கேட்' என்று அதற்குப் பெயர். முன்னால் போகிறவனின் தலைக்கு மேல் சந்தோஷின் பெயர் இருக்கும். அவனுக்குப் பின்னால், நீல அங்கி போட்டு, காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே போகிற பெண்ணின் தலைக்கு மேல் தனம் என்றிருக்கும்.

"அவ இருந்தப்போ வெச்ச பேரு. ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து ஆடுவோம். மாத்தறதுக்கு மனசு வரல" என்றான் சந்தோஷ், அவள் கேட்காமலேயே.

படத்திலிருந்த தனம் நகரவில்லை. திரையிலிருந்த இவள் நகர்ந்தாள். அவன் அடிபட்டு விழுந்தபோதெல்லாம் ஓடிவந்து தூக்கினாள். அப்போது சந்தோஷின் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை அவன் ஒருநாளும் தேவயானி பக்கம் திருப்பியதில்லை.

சந்தோஷின் சிநேகிதன் சர்புதீன் கோட்டக்குப்பத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த விளையாட்டைப் பற்றியேதான் பேச்சு.

"சார்ஜாவுலருந்து எங்க அண்ணன் பெட்டியில வெச்சு கொண்டாந்த சிடி அண்ணி இது. பாண்டியிலருந்து பசங்க பஸ் ஏறி வந்து பாத்துட்டுப் போனானுங்க. இது கேமே இல்ல, ஒரு ஊரு. நீங்களும் உக்காந்து ஒருதபா ஆடுங்க, அப்புறம் எழுந்துக்கவே மாட்டீங்க."

"அப்படி இன்னாதான் இருக்குது அதுல?" என்று தேவயானி சிரித்தாள். சிரிப்புக்கு அடியில் எரிந்தது.

ஒருநாள் மத்தியானம், சந்தோஷ் கடைக்குப் போன பிறகு, அவள் மேஜைமுன் உட்கார்ந்தாள். விழுப்புரத்தில் அவளும் கம்ப்யூட்டர் படித்தவள்தான். அவன் சேமித்து வைத்த ஆட்டத்தைத் தொடாமல், தன் பெயரில் புதிதாக ஒன்று தொடங்கினாள்.

கட்டைவிரல் அளவுக்கு ஒரு பெண். சுற்றிலும் பச்சையாக ஒரு கிராமம். ஒரு கிழவன் ஆடு காணாமல் போய்விட்டது என்றான். தேடிக் கொடுத்தாள். இன்னொருத்தி விறகு கேட்டாள். பொறுக்கிக் கொடுத்தாள். நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று அலுத்துப்போனது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த அலுப்பையெல்லாம் சந்தோஷ் தனியாகக் கடக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒருத்தி, தோளில் தோள் உரச உட்கார்ந்திருந்தாள். அவன் ஊர் என்று கொண்டாடியது இந்தப் பச்சைக் கட்டங்களை அல்ல.

எழுந்துவிடலாம் என்று நினைத்தவள், கிராமத்துச் சத்திரத்துக்குள் மட்டும் ஒருமுறை நுழைந்து பார்த்தாள்.

மூலையில், அடுப்போரமாக, நீல அங்கி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

தலைக்கு மேல் பெயர் இருந்தது.

தனம்.

மின்விசிறி ஓடியும் தேவயானிக்குக் கழுத்தில் வியர்த்தது. பழைய பெயர் ஏதோ இயந்திரத்தில் தங்கிப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அருகில் போய்ப் பேசுவதற்கான பொத்தானை அழுத்தினாள். விளையாட்டில் எல்லோரும் ஆங்கிலம்தான் பேசினார்கள். இவள் வாயிலிருந்து வந்த வரி ஆங்கில எழுத்தில் இருந்தது. ஆனால் தமிழ்.

"வா தங்கச்சி. ஊட்டுல அவரு இல்லியா?"

கரண்ட் போய்விட்டது.

திரை அணைந்தது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. இருண்ட கூடத்தில், சீயக்காய் தேய்த்து முழுகிய ஈரத்தலையின் வாசனை மெல்ல எழுந்தது. தேவயானி ஷாம்பு போடுகிறவள். அந்த வீட்டில் சீயக்காயே கிடையாது.

அடுத்த ஞாயிறு, சந்தோஷ் உள்ளே போயிருந்த சமயம் பார்த்து, அவள் சர்புதீனிடம் கேட்டாள். "புதுசா ஆரம்பிச்சா பழைய ஆளுங்க வருவாங்களா?"

"வரமாட்டாங்க அண்ணி. புது ஆட்டம்னா எல்லாமே புதுசு" என்றான். "நம்ம கூட்டத்துல இருக்கறவங்கள வேணாம்னா ரெண்டு வழி இருக்குது. சத்திரத்துல உக்கார வெச்சா அப்புறமா கூப்புட்டுக்கலாம். ஊட்டுக்கு அனுப்பிட்டா அவ்ளோதான், திரும்பி வரவே மாட்டாங்க. ஏன், மாட்டிக்கினீங்களா?" என்று சிரித்தான்.

அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பயந்தவள் என்றால் அந்த மேஜைப் பக்கமே போயிருக்கக் கூடாது. ஆனால் தேவயானி பயத்தைவிடப் பெரிதாக ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானமே சத்திரத்துக்குப் போனாள்.

"அவருக்கு மல்லாட்டை சட்னின்னா உயிரு" என்றது நீல அங்கி. "வரமொளகாய வறுக்காம, சுட்டுப் போட்டு அரைக்கணும். நீ வெக்கறதே இல்லியே."

அன்று இரவு அவள் மிளகாயைச் சுட்டு, வேர்க்கடலையோடு சேர்த்து அரைத்தாள். சந்தோஷ் ஒரு வாய் வைத்தான். அப்படியே நிமிர்ந்து பார்த்தான். கல்யாணமாகி இத்தனை நாளில் முதல் முறையாக, அந்தச் சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது.

"யார் சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

"நானாதான் செஞ்சேன். நல்லா இருக்குதா?"

"தனம் வெக்கற மாதிரியே இருக்குது" என்றான் அவன், கண் கலங்க.

சிரிப்பு அவளுக்குக் கிடைத்தது. ஆனால் அது அவளுக்கானது இல்லை.

அதற்கப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. மத்தியானமானால் சத்திரம். அவனுக்குத் தலைவலி வந்தால் எங்கே அழுத்த வேண்டும், எந்தப் பாட்டை முணுமுணுத்தால் கோபம் இறங்கும், என்ன நிறம் கட்டினால் பார்ப்பான். நீல அங்கி சொல்லச் சொல்ல அவள் செய்தாள். சந்தோஷ் மெழுகாக உருகினான். விளையாடுவதைக் குறைத்துக்கொண்டு அவளருகே வந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு தடவை அவன் கை அவள் தோளைத் தொடும்போதும், தன் தோளுக்குள் இன்னொருத்தியின் தோள் இருப்பதுபோல் தேவயானிக்குக் கூசியது. செத்தவளிடம் பிச்சையெடுத்துத் தன் புருஷனோடு வாழ்கிறோமே என்று பொருமினாள். பொருமிக்கொண்டே மறுநாளும் போய் நின்றாள்.

ஒருநாள் நீல அங்கி வேறு மாதிரி பேசியது.

"இங்க குளுருது. அடுப்புல நெருப்பு தெரியுது, சூடே இல்ல."

தேவயானி ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வரி தானாக மாறியது.

"நீ கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கினு இரு. நான் ஒரு எட்டு போய் அவர பாத்துட்டு வந்துடறேன்."

கீழே இரண்டு கட்டங்கள். சரி. வேண்டாம்.

சீயக்காய் வாசனை இப்போது முதுகுப்புறமிருந்து வந்தது. மிக அருகில். ஒரு சொட்டு ஈரம் அவள் பிடரியில் விழுந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரின் இணைப்பையே பிடுங்கிவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலம் சந்தோஷ் சீக்கிரமே வந்தான். கையில் அல்வாப் பொட்டலம். வாசலிலிருந்தே ஆசையாகக் கூப்பிட்டான்.

"தனம்!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஏதோ யோசனையில..." என்று இழுத்தான்.

"பரவால்லங்க. உள்ள வாங்க" என்றாள் தேவயானி.

மறுநாள் மத்தியானம் அவள் தன் ஆட்டத்தைத் திறக்கவில்லை. சந்தோஷின் ஆட்டத்தைத் திறந்தாள். அவனும் தனமும் சேர்ந்து தொடங்கியது, அவன் இத்தனை வருஷமாகப் பாதுகாத்து வந்தது. நாலு உருவங்கள் ஒரு மலைப்பாதையில் நின்றிருந்தன. அவள் நீல அங்கியைத் தேர்ந்தெடுத்தாள். சத்திரம், வீடு என்று இரண்டு வழிகள் வந்தன.

சத்திரத்தில் உட்காரவைத்தால் மறுபடி கூப்பிட்டுக்கொள்வான்.

அவள் வீடு என்பதை அழுத்தினாள்.

உண்மையாகவா என்று விளையாட்டு கேட்டது. "ஆமா. போய்த் தொலை" என்று வாய்விட்டே சொல்லி அழுத்தினாள்.

நீல உருவம் வரிசையை விட்டு விலகியது. இரண்டடி போய், நின்று, திரும்பிப் பார்த்தது.

"சரி. நான் ஊட்டுக்கே போறேன்."

திரையின் ஓரம்வரை நடந்து மறைந்தது.

வாசலில் இரும்புக் கதவின் கொக்கி விழும் சத்தம் கேட்டது.

தேவயானி ஓடிப்போய்ப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. தெருவில் வெயில் மட்டும்தான் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து ஆட்டத்தைச் சேமித்து வைத்தாள். மூன்றே மூன்று உருவங்கள் மலைப்பாதையில் நின்றன. அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. அதற்கு நடுவில் லேசாக ஒரு கூச்சமும் இருந்தது.

சந்தோஷ் சாயங்காலம் வந்து திரையைப் பார்த்தான். கத்துவான், அழுவான் என்று அவள் கதவோரம் காத்திருந்தாள். அவன் வெகுநேரம் அந்த மூன்று பேரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கம்ப்யூட்டரை அணைத்தான். "போதும் தேவி. இனிமே ஆடல" என்றான், ஏனென்று சொல்லாமல். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் அவன் உட்காரவே இல்லை.

ஜெயித்துவிட்டோம் என்று தேவயானி நினைத்தாள்.

ஐப்பசியில் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். விழுப்புரத்தில் துணைக்கு ஆளில்லை. "நீ போய்ட்டு வா, நான் ஓட்டல்ல சாப்டுக்கறேன்" என்று சந்தோஷே பஸ் ஏற்றிவிட்டான். முதல் இரண்டு நாள் போன் செய்தான். சாப்பாடு சகிக்கவில்லை, ஜல்தியாக வந்துவிடு என்று கெஞ்சினான். அப்புறம் போன் வரவில்லை. இவள் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு தடவை மட்டும் எடுத்தான். குரலில் அவசரம் தெரிந்தது. "நல்லா இருக்கறேன். நீ பொறுமையா அம்மாவ பாத்துக்கினு வா" என்று வைத்துவிட்டான்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டுப் பிரித்த மறுநாளே சொல்லாமல் கிளம்பினாள். வழியெல்லாம் மழை. விக்கிரவாண்டி தாண்டி பஸ் ஊர்ந்து, திண்டிவனம் வந்து சேரும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. எவள், எவள் என்று ஊரிலிருக்கும் பெண்களையெல்லாம் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்துக்கொண்டே தெருவுக்குள் திரும்பினாள்.

வாசலில் யாரோ கோலம் போட்டிருந்தார்கள். மழை அதைத் தொடவே இல்லை.

கூடத்தில் சந்தோஷ் உட்கார்ந்திருந்தான். ஓட்டல் சோறு தின்று இளைத்தவனாக இல்லை. கன்னம் பூசினாற்போல் இருந்தது. சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. நெற்றியில் விபூதி. வீடு துடைத்துவிட்டதுபோல் சுத்தம். மேஜைமேல் இரண்டு டம்ளர். இரண்டிலும் காபியின் ஆவி போய்க்கொண்டிருந்தது.

"யாருங்க வந்திருக்காங்க?"

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவளை அடையாளம் தெரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ..." என்றான். குரல் தாழ்ந்திருந்தது. அவன் பார்வை அவளைத் தாண்டிப் படுக்கையறைப் பக்கம் போய்த் திரும்பியது. "நீ இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வந்திருக்கலாமே."

"உள்ள யாரு?"

 குழந்தையைத் தூங்கவைத்திருக்கும் வீட்டில் சொல்வதுபோல், உதட்டில் விரல் வைத்தான்.

தேவயானி பையைக் கீழே போட்டுவிட்டுப் படுக்கையறையை நோக்கி நடந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கு வழியே தன் கட்டில் தெரிந்தது. அதன்மேல் புதுப் போர்வை, இரண்டு தலையணை. அவள் கதவில் கை வைத்தாள்.

மறுபக்கத்திலிருந்து, ஒரு கை மெதுவாகக் கதவைச் சாத்தியது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.