புதன்கிழமை நிற்காத யந்திரம்

மதுரையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் எஞ்சினியர் சூசைமாணிக்கம் கொடைக்கானலில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, மிஷன் பள்ளியின் தலைமை எழுத்தர் பவுல்ராஜ் குடையை விரித்தார். கூடவே கதையையும் விரித்துவிட்டார். துப்பறிவதில் அவருக்கு அப்படியொரு ஆசை.

1988 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை அது. பள்ளிக்கு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்து மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. இந்த வாரம் மழையும் பனியும் பிடித்ததிலிருந்து ஒரே சனியன். திங்கள், செவ்வாய், வியாழன் மூன்று நாளும் மத்தியானத்துக்கு மேல் தானாக நின்றுபோனது. ஏற்றிய மதிப்பெண்கள் ஒவ்வொரு முறையும் பாழ். யந்திரம் பின்னறையில் பூட்டிக் கிடக்கிறது, சாவி பவுல்ராஜிடம். முன்னறைத் திரையில் உட்கார்ந்து வேலை செய்வது சகாயராணி ஒருத்திதான்.

"அந்தப் புள்ளதான் சார். வேலை முடியலைன்னு அதுவே ஏதோ கட்டளையை அடிச்சு நிறுத்துது. புதன்கிழமை நான் தாண்டிக்குடிக்குத் துக்கத்துக்குப் போயிட்டேன், அன்னைக்கு மட்டும் மெஷின் நிக்கல. நான் இருக்கிற நாளாப் பாத்து நிறுத்தி, பழியை என் தலையில போடுது."

சகாயராணியை வேலையை விட்டு நீக்கும் கடிதத்தைக் காலையில் அவரே டைப் செய்துவிட்டார். பள்ளி முதல்வர் ஃபாதர் லூர்துசாமி நாலு மணிக்குக் கையெழுத்துப் போடுவதாக இருந்தார்.

சூசைமாணிக்கம் எதற்கும் அவசரப்படவில்லை. சகாயராணியிடம் பேசினார். அழுது வீங்கிய முகத்தோடு அவள் சொன்னது இவ்வளவுதான்: எதையும் நிறுத்தவில்லை, நின்றபோது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஒவ்வொரு முறையும் பவுல்ராஜ் அண்ணன் பின்னறைக்குப் போய் மறுபடி ஓடவிட்டார். பிறகு சூசைமாணிக்கம் பின்னறையில் புகுந்துகொண்டு, ஒவ்வொரு முறை ஓடவிட்டபோதும் அச்சான தாள்களைப் படித்தார். யந்திரத்தின் மேற்புறக் காற்றுத் துளைகளிலிருந்து கறுப்பாக ஏதோ இழைகளைப் பிடுங்கி ஒரு கவரில் போட்டார்.

பவுல்ராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் கதவருகே போய் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். மூன்று மணிக்கு ஏரிப் பக்கமிருந்து பனி ஏறியது. பனி என்றால் அவர் கை சும்மா இருக்காது. ஜன்னல்களைச் சாத்தி, இரண்டு டைப்ரைட்டர்களுக்கும் உறை மாட்டிவிட்டு வந்து நின்றார்.

நாலு மணிக்கு முதல்வர் அறையில் நால்வரும் கூடினார்கள். மேசைமேல் அந்தக் கடிதம் இருந்தது.

"கட்டளை குடுத்து நிறுத்தினா யூனிக்ஸ் ஃபைலையெல்லாம் ஒழுங்கா மூடி வச்சிட்டுத்தான் நிக்கும்" என்று சூசைமாணிக்கம் ஆரம்பித்தார். "மூணு நாளும் ஃபைலெல்லாம் அலங்கோலமாக் கெடந்ததுன்னு தாள்லயே இருக்கு. அப்ப யாரும் கட்டளை அடிக்கல. விளக்கு எரிஞ்சதால கரண்ட்டும் போகல. மிச்சம் ஒண்ணுதான், சூடு. சூடு ஏறினா இந்த மெஷின் தன்னைத் தானே அணைச்சுக்கும்."

"இந்தக் குளிர்லயா?" என்றார் முதல்வர்.

"மேல இருக்கிற துளைதான் அதுக்கு மூக்கு. அதை யாரோ அடைச்சிருக்காங்க." கவரைக் கவிழ்த்தார். கறுப்புக் கம்பளி இழைகள் விழுந்தன. "சகாயராணி, புதன்கிழமை பனி இருந்துச்சாம்மா?"

"அன்னைக்குத்தான் சார் ரொம்ப."

"பனி ரொம்ப இருந்தும் நிக்கல. அப்ப பனி காரணமில்ல. பனி வந்தா இங்க ஒருத்தர் செய்யிற காரியம்தான் காரணம். அவர் அன்னைக்கு இல்ல." சூசைமாணிக்கம் திரும்பினார். "பவுல்ராஜ், பனி இறங்கினா டைப்ரைட்டரை மூடுறது யாரு?"

"நான்தான் சார். ஈரம் பட்டா துருப்பிடி..." பவுல்ராஜ் பாதியில் நிறுத்தினார். பின்னறையில் தன் கம்பளியை யந்திரத்துக்குப் போர்த்தியதும், நின்றபின் அதை எடுத்து மடித்துவிட்டு சுவிட்சைப் போட்டதும் கண்முன் வந்தன. வெட்கத்தில் காது சுட்டது. "குளிருமேன்னு போத்துனேன் சார். அது கெடுதின்னு சத்தியமா நெனைக்கல."

அவரே எழுந்தார். "அந்தக் கடிதத்துல பேரை மாத்தி அடிச்சுட்டு வாரேன் ஃபாதர்" என்று தாளை எடுக்கப் போனார்.

சகாயராணி முந்திக்கொண்டு அதை எடுத்து நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"வேற யார் பேரையும் அடிக்க வேணாம்ணே. நாலு நாளா என் மொகத்தைப் பாத்து நீங்க பேசல. வெரசா வாங்க, நான் மார்க்கை வாசிக்கிறேன், நீங்க சரிபாருங்க. நாளைக்குள்ள முடியணும்."

பவுல்ராஜ் தலையாட்டினார். போகிற வழியில் பின்னறைக்குள் நுழைந்து, மடித்து வைத்திருந்த கம்பளியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.