இந்தத் தடவை நான் இல்லை

அந்த வீட்டில் எது உடைந்தாலும், எல்லோரும் முதலில் திரும்பிப் பார்ப்பது பூகம்பத்தைத்தான்.

அது அவளுடைய பள்ளிக்கூடப் பெயர் அல்ல. அண்ணன் வைத்த பெயர். அவள் நடந்தால் நாற்காலி இடம் மாறும். ஓடினால் தம்ளர் உருளும். ஒருமுறை கதவைச் சாத்தியதில் கைப்பிடி அவள் கையோடு வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு நேராக அம்மாவிடம் போனாள்.

"நான்தான்மா. எங்கே வைக்கட்டும்?"

அவள் எதையும் மறைத்ததில்லை. உடைத்தால் "நான்தான்" என்பாள், துடைப்பத்தை எடுத்துவரப் போய்விடுவாள்.

டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி விஷயத்தில் மட்டும் அந்த வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. ஏனென்றால் அது அவள் இல்லை.

ஒரு வாரமாக அந்தப் பெட்டி ஒரே அடம். அவள் பள்ளிவிட்டு வந்து, கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பூவை வைப்பதுபோல டிஸ்க்கை உள்ளே வைப்பாள். பெட்டி கர்ர்ர் என்று முனகும். திரையில் எழுத்து வரும்: 'டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை.'

மாலை வகுப்பு முடிந்து அண்ணன் வருவான். அதே டிஸ்க், அதே பெட்டி. அவன் போட்டதும் பந்தயக் கார்கள் உறுமிக்கொண்டு திரைக்கு வந்துவிடும்.

"பார்த்தியா? என் கை பட்டா ஓடுது. உன் கை பட்டா படுத்துடுது" என்பான்.

"நான் ஒண்ணும் பண்ணல."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். நீ பக்கத்துல வந்தாலே போதும்."

இத்தனைக்கும், பெட்டிக்கு அவளால் எந்த ஆபத்தும் வரக்கூடாது என்று அண்ணன் போன வாரமே ஒரு ஏற்பாடு செய்திருந்தான். டிவி மேசையில் இருந்த பெட்டியை, அவள் காலும் முழங்கையும் எட்டாத அலமாரித் தட்டுக்கு மாற்றியிருந்தான். முன்னறையின் ஓரத்தில், அம்மாவின் தேய்ப்பு மேசையை ஒட்டி நிற்கும் அலமாரி அது. அம்மா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் அவருடைய தையல் கடையும்.

அப்பா பெட்டியைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனார். பூகம்பமும் கூடவே போனாள். அவர் மூடியைக் கழற்றினார், ஊதினார், டிஸ்க்கைப் போட்டார். கார்கள் உறுமின.

"நல்லாத்தானே இருக்கு சார்! உள்ளே கண்ணாடியில ஒரு குட்டிக் கண்ணு இருக்கு. அதுதான் டிஸ்க்கைப் பார்த்துப் படிக்கும். அந்தக் கண்ணும் பளிச்சுனு இருக்கு. வீட்டுல யாராவது முரட்டுத்தனமா போடுறாங்களோ என்னவோ..." என்றார் அவர்.

அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பினார். பூகம்பம் கூரையைப் பார்த்தாள். அவள் காது சுட்டது.

மறுநாளும் பெட்டி அவளுக்குப் படிக்கவில்லை. அண்ணனுக்குப் படித்தது.

அப்பா வேன் ஓட்டுபவர். வளைத்துப் பேசத் தெரியாதவர். "தினமும் இந்தச் சண்டையைக் கேட்க என்னால முடியாது. முரட்டுத்தனமா போட்டேன், மன்னிச்சுடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. விட்டுடலாம். இல்லைன்னா ஞாயிற்றுக்கிழமை பெட்டி பெரியப்பா வீட்டுக்குப் போயிடும்" என்றார்.

"சொல்ல மாட்டேன்பா."

"ஏன்?"

"நான் செய்யல."

அன்று முதல் அண்ணன் அவள் பின்னாலேயே சுற்றினான். முதலில் மிரட்டினான். பிறகு கெஞ்சினான்.

"ஏய், சும்மா ஒரு பேச்சுக்கு சொல்லேன். வாயா தேயும்? பொய்யாவாவது சொல்லு."

"பொய் சொன்னா பெட்டி இங்கேயே இருக்கும். நான் எங்கே போறது?"

"நீயும் இங்கேதான் இருப்பே. என்னடி உளர்றே?"

அவளுக்கு அதை விளக்கத் தெரியவில்லை. படுக்கையில் குப்புறப் படுத்து யோசித்தாள். தம்ளர், கைப்பிடி, குடை என்று எல்லாவற்றையும் அவள் உடைத்தது உண்மைதான். அத்தனையும் உடைத்த கை இதையும் உடைத்திருக்குமோ? கையை முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தில் கொஞ்சம் மை. மற்றபடி சாதாரணக் கைதான். எல்லோரும் சேர்ந்து ஒன்றையே சொன்னால், நமக்கே நம்மேல் சந்தேகம் வந்துவிடும் போலிருக்கிறதே!

அந்தச் சந்தேகம்தான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. 'மாட்டேன்' என்று தலையணையிடம் சொன்னாள். தலையணை ஒரு குத்தும் வாங்கிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெளியே மழை. அப்பா பெட்டியை ஒரு பையில் போட்டு வாசல் கதவருகே வைத்துவிட்டு, வேன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணன் பைக்குப் பக்கத்தில் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவன்போல உட்கார்ந்திருந்தான்.

"கடைசியா கேக்குறேன். சொல்லுறியா?" என்றார் அப்பா.

"மாட்டேன்."

"அம்மாடி, என்ன பிடிவாதம்!" என்றார் அம்மா. அவசரமாகக் கொடுக்க வேண்டிய சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீராவி அயர்ன் பாக்ஸ் புஸ் என்று பெருமூச்சு விட்டது. வெள்ளைப் புகை அவர் முகத்தைத் தாண்டி அலமாரிப் பக்கம் போனது. அம்மா சட்டென்று நின்று, கண்ணாடியைக் கழற்றினார்.

"சே, ஒண்ணுமே தெரியல. தேய்க்க ஆரம்பிச்சா இதே தொல்லை. கண்ணாடி மங்கிப் போகுது, எழுத்துகூடப் படிக்க முடியல."

பூகம்பம் அம்மாவின் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அது பால் ஊற்றியதுபோல வெளுத்திருந்தது. பிறகு அலமாரித் தட்டைப் பார்த்தாள். உள்ளே ஒரு குட்டிக் கண்ணு.

"அப்பா, சாவியைத் தேடாதீங்க!" என்று கத்தினாள். "ஒரே ஒரு தடவை. அண்ணன் போடட்டும். அவன் கையாலயே போடட்டும். ஓடாது."

அண்ணன் எழுந்தான். "என் கைக்கு ஓடாதா? பந்தயமா?"

"பந்தயம். ஆனா பெட்டி அந்தத் தட்டுல இருக்கணும். அம்மா பக்கத்துல தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் போடணும்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். சாவி அவர் சட்டைப் பையிலேயே கிலுங்கியது.

மழைக்குளிரில் சில்லிட்டிருந்த பெட்டி மறுபடி தட்டுக்கு ஏறியது. அம்மா தேய்த்தார். புஸ். இன்னொரு சட்டை. புஸ், புஸ். அண்ணன் தோளை உலுக்கி, விரல்களை நெட்டி முறித்து, பெரிய வித்தைக்காரன்போல டிஸ்க்கை உள்ளே வைத்தான்.

கர்ர்ர்.

'டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை.'

அண்ணன் எடுத்துத் துடைத்து மறுபடி போட்டான். கர்ர்ர். அதே எழுத்து.

"உன் கை பட்டா ஓடும்னியே அண்ணா" என்றாள் பூகம்பம், தேன் தடவிய குரலில்.

பிறகு அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வழியில் நாற்காலி இருந்தது. மூவரும் மூச்சைப் பிடித்தார்கள். அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், பெட்டியை டிவி மேசையில் அதன் பழைய இடத்தில் வைத்தாள். மின்விசிறியைச் சுழல விட்டாள். அம்மா அயர்ன் பாக்ஸை அணைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த வீட்டில் அவ்வளவு நேரம் யாரும் சண்டை போடாமல் இருந்தது அதிசயம்தான்.

அவள் தன் கையால் டிஸ்க்கை வைத்தாள்.

கார்கள் உறுமின.

"நீராவிப்பா" என்றாள். "நான் ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துலதான் அம்மா தேய்ப்பாங்க. அப்போ அதோட கண்ணு மங்கிடும். அண்ணன் வர்றதுக்குள்ள காஞ்சுடும். ரிப்பேர் கடையில நீராவி ஏது? அதான் அங்கே நல்லா இருந்துச்சு."

அம்மாவின் முகம் வாடியது. "அப்போ என் வேலையாலதானா? பாவம், உன்னை இத்தனை நாள்..."

"உன்னால இல்லம்மா. இடத்தால."

"சரி, அந்த இடத்துல கொண்டுபோய் வெச்சது யாரு?" என்று கேட்டார் அப்பா.

யாரென்று அவளுக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. இந்த நிமிடத்துக்காகத் தலையணையிடம் எத்தனை முறை ஒத்திகை பார்த்திருந்தாள்! ஆனால் அண்ணனின் காதுகள் சிவந்திருந்தன. அந்தச் சூடு எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றான் அண்ணன். தரையைப் பார்த்தபடி இன்னும் ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல."

"மன்னிச்சுடுன்னேன்!"

"இப்போ கேட்டுச்சு."

அப்பா தொண்டையைச் செருமினார். "நானும்தான்மா" என்றார். வேன் சாவியை ஆணியில் மாட்டினார்.

"இனிமே உன்னைப் பூகம்பம்னு கூப்பிடல, போதுமா?" என்றான் அண்ணன்.

அவள் யோசித்தாள். "கூப்பிடு. பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் செஞ்சதுக்கு மட்டும்."

சொல்லிவிட்டு, வெற்றி பெற்ற வீராங்கனைபோல இரண்டு கைகளையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். முழங்கை தையல் மேசையில் இடித்தது. அம்மாவின் பட்டன் டப்பா கவிழ்ந்தது. சிவப்பு, நீலம், வெள்ளை என்று பட்டன்கள் அறை முழுக்க உருண்டோடின. ஒன்று மட்டும் நெடுநேரம் சுழன்று அப்பாவின் செருப்புக்குள் போய் விழுந்தது.

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

பூகம்பம் நிமிர்ந்து நின்றாள்.

"இது நான்தான்!" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, துடைப்பம் எடுத்துவரப் போனாள்.