பத்தொன்பதுக்குப் பின்னால் விட்ட இடம்

“உங்கப்பன் செஞ்ச வேலையைத்தானே சரி பண்ணச் சொல்றேன்? வீடா கட்டித் தரச் சொன்னேன்?”

“ஸ்தோயாக்கா, கல்லு விறைச்சுக் கெடக்கு. இந்தக் குளிர்ல சிமெண்ட் பூசினா ரெண்டே நாள்ல பொரிஞ்சு கொட்டிடும். மார்ச் வரட்டும்.”

“மார்ச்சுல நான் மண்ணுக்குள்ள இருந்தா உனக்கு யாரு கூலி குடுப்பா?”

“உங்களுக்கா சாவு? உங்க வாய்க்குப் பயந்து சாவே அக்கரையில நிக்குது!”

ஒப்ரெனின் கல்பட்டறையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். ஸ்தோயா சிரிக்கவில்லை. அன்று 1999 டிசம்பர் பத்தாம் தேதி.

எங்கள் ஊரில் கணவன் போனால், மனைவியின் பெயரையும் பிறந்த வருஷத்தையும் அதே கல்லில் சேர்த்து வெட்டிவிடுவார்கள். செலவு மிச்சம். ஸ்தோயாவின் கணவன், ஓடக்காரன் விதோயே, 1981இல் ட்ரீனா ஆற்றோடு போனபோது, கல் வெட்டிய ஒப்ரெனின் அப்பா ஒரு படி மேலே போனார். ஸ்தோயாவின் பெயருக்குக் கீழே ‘1934 – 19’ என்று வெட்டி, பின்னால் இரண்டு எண்ணுக்கு மட்டும் இடம் விட்டார். எப்படியும் இந்த நூற்றாண்டுக்குள் போய்விடுவாள் என்று நினைத்திருப்பார். ஊரில் அப்படிப்பட்ட கற்கள் நிறைய உண்டு. இப்போது அந்த ‘19’ஐப் பூசி மறைக்கச் சொல்லும் ஸ்தோயாவைத் தவிர, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஸ்தோயாவுக்குச் சாவதில் வருத்தம் இல்லை. போர்க் காலத்தில் வியன்னாவுக்குப் போன மகன் ரதோமிரை எட்டு வருஷமாகப் பார்க்கவில்லை. அவன் முகத்தை ஒரு தடவை பார்க்காமல் போகக் கூடாது. அவ்வளவுதான்.

மறுநாள் மெழுகுவத்தி ஏற்ற மேட்டுக் கல்லறைக்குப் போனவள், கல்லைத் துடைத்த துணியில் மாவு போல வெள்ளைத் தூள் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். குனிந்தாள். ‘19’க்குப் பக்கத்தில் நகத்தால் கீறியது போல ஒரு வளைவு. இன்னொரு 9இன் தலை.

ஒப்ரென் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். “நான் தொடலக்கா. உறைபனி வெடிப்பா இருக்கும்.”

அதன் பிறகு தினமும் மத்தியானம், ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்து தோட்டத்துப் பிளம் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கி ஜன்னல் கண்ணாடியில் வந்து நிற்கிற நேரத்தில், மேட்டிலிருந்து அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. டிக். டிக். அவசரமில்லாத ஓர் உளி. அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் என்று நினைத்துக்கொண்டாள். அடுப்பு அணைந்த பிறகும் கேட்டது. ரொட்டியைக் கடித்தால் பல்லில் நறநறத்தது. தலையணையில் நனைந்த கல்லின் வாடை.

மகனுக்குப் போன் செய்தாள்.

“வருஷம் பொறந்தப்புறம் வா. அதுக்கு முன்னாடி வேணாம்.”

“என்னம்மா, எட்டு வருஷமா வா வான்னு அழுதே. இப்ப வரேன்னா வேணாங்கறே. வீட்ல புது மாப்பிள்ளை எவனாவது இருக்கானா?”

“செருப்பால அடிப்பேன். சொன்னதைச் செய்.”

அவன் வரும்போது தான் பிணமாகக் கிடக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாள்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி இரவு கதவைப் பூட்டிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. விடிந்தது. உளிச் சத்தம் நின்றிருந்தது. நூற்றாண்டு முடிந்தது, அவள் இருந்தாள். தனியாக, வாய்விட்டுச் சிரித்தாள்.

எங்கள் கோயில் கணக்கில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஜனவரி ஆறு, ரதோமிர் அன்று அடுப்பில் எரிக்கிற ஓக் கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. ஒரு வாரம் சாப்பிட்டான், தூங்கினான், கூரைக்கு ஒட்டுப் போட்டான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பதின்மூன்றாம் தேதி மத்தியானம். “சாயங்காலத்துக்கு அக்கரையில இருந்து சாராயம் வாங்கிட்டு வரேம்மா” என்று படகுத்துறைக்கு இறங்கிப் போனான். மூடுபனி அவனை இடுப்புவரை மூடியது. பிறகு தோள்வரை. பிறகு காணவில்லை.

டிக்.

ஸ்தோயாவின் கையிலிருந்த கரண்டி நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு யெலா கூப்பிட்டாள். “என்னக்கா, வாசனை தூக்குது! நம்ம புது வருஷத்துக்கு சமையல் ஆயிடுச்சா?”

“எந்தப் புது வருஷம்?”

“நல்லா கேட்டே போ! கோயில் கணக்குக்கு இன்னிக்குத்தானே டிசம்பர் முப்பத்தொண்ணு. மகன் வந்ததும் சாமி நாள்கூட மறந்துபோச்சா?”

டிக். டிக். டிக்.

பதின்மூன்று நாள் பின்னால் ஓடும் கோயில் நாள்காட்டியில் வருஷம் இன்னும் முடியவில்லை. கல்லறை கோயிலுடையது. கல்லுக்குக் கோயில் கணக்கு.

மேட்டில் ஏறினாள். மூச்சு வாங்கியது. ஆனால் பயம் பாதியாகத்தான் இருந்தது. சரி, வரட்டும். பிள்ளையைப் பார்த்தாயிற்று. ஒரு வாரம் ஆக்கிப் போட்டாயிற்று. எடுத்துக்கொள்ளட்டும்.

கல்லின் முன்னால் யாரும் இல்லை. பனியில் ஒரு கால்தடம்கூட இல்லை. புதுத் தூள் மட்டும் கொட்டிக் கிடந்தது.

1999. கடைசி 9க்கு வால் மட்டும் பாக்கி.

கண் மேலே போனது. ஸ்தோயா என்ற பெயரும் 1934ம் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. அதன்மேல் புது எழுத்து. ரதோமிர். 1961.

“ரதோமிர்!”

கீழே ஆறு தெரியவில்லை. துடுப்புச் சத்தம் இல்லை.

“டேய்! திரும்பிடுடா!”



அந்தக் கடைசி எண்ணை இரண்டு உள்ளங்கையாலும் பொத்தினாள். உடம்பைச் சாய்த்து அழுத்தினாள். கல் சூடாக இருந்தது. கைக்கு அடியில், உளி இல்லாமல், ஆள் இல்லாமல், அந்த வால் மெதுவாக, அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

டிக்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்க் கல்லறையிலும் ‘19’ என்று பாதியில் நிறுத்திய கல் இருந்து, அதற்குரியவர் நூற்றாண்டு தாண்டியும் உயிரோடு இருந்திருந்தால், அந்த வீட்டில் அவருக்குப் பதிலாக யார் போனார்கள் என்று தயவுசெய்து கீழே எழுதுங்கள்.