பதினேழாம் அறுப்பானின் தண்டுக்காப்பு

வாரத்தில் இரண்டு மூன்று நாள், காலை எட்டு மணிவாக்கில், முப்பிடாதியின் காதுக்கருவியில் மணி ஒலிக்கும். எரிபுல் வெளியில் புல் வெட்டும் ஏதோ ஓர் அறுப்பான் பழுதாகி நின்றுவிட்டது என்று பொருள். அவள் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கிரீஸ் கன்னையும் ஸ்பேனர் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அப்படிக் கிளம்பும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும். யாராவது பார்த்தால் தப்பாக நினைக்கக்கூடும் என்று வேலிக்கதவு வரை அதை அடக்கிக்கொள்வாள்.

விளாத்திகுளத்துக் கரிசல் முழுக்க இப்போது புல்தான். ஆள் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு வளரும் எரிபுல். தென்மாவட்டங்களின் பஸ்கள் ஓடியதும் அடுப்புகள் எரிந்ததும் அதில்தான். விதைப்பதும் அறுப்பதும் கட்டுவதும் தானோட்டி டிராக்டர்கள். ஐம்பது வருடங்களுக்கு முன் போட்ட சட்டம் ஒன்று உண்டு: இயந்திரம் ஓடும் நிலத்தில் மனிதர் கால் வைக்கக் கூடாது, மனிதர் கால் வைத்தால் அந்தப் பகுதியின் எல்லா இயந்திரங்களும் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் நின்றால் ஒரு சிற்றூருக்கு ஒரு நாள் எரிபொருள் குறையும். அதனால் நல்ல நாளில் யாரையும் உள்ளே விடுவதில்லை. ஆள் குறுக்கிட்டால் இயந்திரங்களை நிறுத்திவிடும் ஒளிவேலி நிலத்தைச் சுற்றிலும் உண்டு. பழுது வந்தால்தான் கதவு திறக்கும். திறந்தால் முப்பிடாதி ஒருத்திக்குத்தான் திறக்கும்.

"பதினேழா சார்?" என்று கேட்டாள்.

"அதேதாம்மா. இந்த மாசம் நாலாவது தடவ." கட்டுப்பாட்டு அறையிலிருந்து அருள்தாசன் பேசினார். ஒன்பது வருடமாகக் காதுக்குள் கேட்கும் குரல். "ஒன் காப்புதான். பேரிங் சூடாயிருச்சுன்னு காட்டுது."

அவள் செய்து மாட்டிய தண்டுக்காப்பைத்தான் சொல்கிறார். டிராக்டரின் விசையைப் பின்னால் இருக்கும் அறுப்பானுக்குக் கொண்டுபோவது சுழல்தண்டு. நிமிடத்துக்கு ஐந்நூற்று நாற்பது சுற்று. அந்தக் காலத்தில் அதன் மேல் பிளாஸ்டிக் குழாய் ஒன்று உறைபோல் மாட்டியிருக்கும். தண்டு உள்ளே சுற்றும், இடையிலுள்ள பேரிங்கால் குழாய் மட்டும் சங்கிலியில் கட்டுண்டு அசையாமல் நிற்கும். ஆளே இல்லாத நிலத்தில் அது எதற்கு என்று நிறுத்திவிட்டார்கள். மூன்று வருடங்களுக்கு முன் சோதனை ஓட்டத்தில் முப்பிடாதியின் சட்டைக்கை தண்டில் சிக்கித் தோள்வரை கிழிந்துபோனது. அதற்குப் பிறகு பழைய சொட்டுநீர்க் குழாய்களை வெட்டி, நாலாம் பகுதியின் இருபத்தாறு அறுப்பான்களுக்கும் அவளே காப்பு செய்து மாட்டினாள்.

"மேல கேக்காங்க," என்றார் அருள்தாசன். "மத்த பகுதியில காப்பே கிடையாது, பழுது இதுல பாதிகூட இல்ல. எல்லாத்தயும் கழட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள நான் கையெழுத்துப் போடணும்."

"போட்டுருவீங்களா சார்?"

"ஆளில்லாத எடத்துல யாருக்குக் காப்புன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

கதவு திறந்தது; பகுதியின் இயந்திரங்கள் எல்லாம் நின்றுபோயிருந்தன. அவ்வளவு பெரிய அமைதிக்குள் நடப்பது அவளுக்குப் பிடிக்கும். புல்லின் நுனிகள் மட்டும் உரசிக்கொண்டிருந்தன. ஒரு காடை விருட்டென்று எழுந்து பறந்தது.

பதினேழாம் எண்ணின் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சங்கிலியை அவிழ்த்துக் காப்பைப் பின்னால் தள்ளினாள். பேரிங்கில் வழக்கமாகப் புல்தூசிதான் அடைத்திருக்கும். இன்று நீலக் கட்டம் போட்ட துணி இருந்தது. ஒரு சாண் நீளம். கயிறாய் முறுக்கி, தண்டோடு இறுகிக் கருகியிருந்தது.

ஸ்பேனர் நுனியால் அதை நெம்பி எடுத்து, கிழிந்த நுனிகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"சார், உள்ள துணி இருக்கு."

"காத்துல பறந்து வந்திருக்கும்."

"காத்துல வந்தது இப்படிக் கிழியாது சார். ஒரு பக்கம் தண்டு இழுத்திருக்கு, மறுபக்கம் யாரோ இழுத்திருக்காங்க. துண்டு மாதிரி இருக்கு. தோள்ல கெடந்திருக்கும்."

காதுக்குள் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "அங்கனயே இரு. நான் வாறேன்," என்றார்.

ஒன்பது வருடத்தில் அவளறிய அவர் உள்ளே வந்ததேயில்லை. அரைமணி நேரத்தில் புல் விலகியது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, மெலிந்த, மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர். வழி கேட்கவில்லை. குறுக்கே போகும் ஓடையை எங்கே தாண்ட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. கழுத்தின் ஓரத்தில் விரல் அகலத்துக்குச் சிவந்து கன்றியிருந்தது.

"துண்டு என்னோடதும்மா," என்றார்.

முப்பிடாதி ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"இருபத்திரண்டு வருசமா இந்தப் புல்லத் திரையிலயே பாக்கேன். அறுத்தா எப்படி மணக்கும்னு தெரியாது. மூணு மாசத்துக்கு முன்னால ஒருநாள் ஒளிவேலிய என் அறை வாசல்ல மட்டும் அணைச்சிட்டு உள்ள வந்தேன். அப்புறம் வராம இருக்க முடியல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்து மத்தியானம் இந்த வண்டி புல்லு அடைச்சிக்கிட்டு நின்னுது. வண்டி நின்னா எல்லாம் நின்னுதுன்னு நெனச்சேன். தண்டு சுத்திக்கிட்டு இருந்திருக்கு. குனிஞ்சேன். துண்டு நுனி காப்போட ஓரத்துல போயிருச்சு."

"என்ன செஞ்சீங்க?"

"விழப்போனேன். ரெண்டு கையாலயும் காப்பப் புடிச்சேன். உள்ள அது ஓடுது, கைக்கு அது அதிருது. ஆனா காப்பு நின்னுது. அசையல. துண்டு கிழியிற வரைக்கும் அதப் புடிச்சிக்கிட்டுதான் நின்னேன். அப்புறம் வண்டி அடைப்ப உதறிட்டுத் தானாப் போயிருச்சு." அவர் காப்பின் மேல் கையை வைத்தார். "வெறுந்தண்டா இருந்திருந்தா நீ இன்னைக்கி துணிய மட்டும் எடுத்திருக்க மாட்ட."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வருடம் பழுது அறிக்கை படித்த மனிதர், ஓடும் தண்டின் மேல் குனிந்திருக்கிறார். திட்ட வாயெடுத்தாள். அந்தச் சிவந்த கழுத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்தது.

"என்கிட்டயும் ஒரு கள்ளம் இருக்கு சார். மூடுன பேரிங்னு ஒண்ணு வருது. தூசி போகாது. அதப் போட்டா பாதிப் பழுது கொறஞ்சிரும். ரெண்டு வருசமாத் தெரியும். நான் கேக்கல."

"ஏன்?"

"பழுது இல்லன்னா எனக்குக் கதவு தெறக்காதுல்லா."

அருள்தாசன் அவளைப் பார்த்தார். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முயன்றும் முடியவில்லை. கேட்க யாரும் இல்லாத அந்த வெளியில் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அன்று மாலை அவர் உத்தரவில் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதிலாக அரைப்பக்க அறிக்கை அனுப்பினார்: நாலாம் பகுதியில் இயந்திரம் ஓடும் நேரத்தில் ஒருவர் நுழைந்தார்; தண்டுக்காப்பு இருந்ததால் உயிர் தப்பினார்; அந்த ஒருவர் நான். கீழே முப்பிடாதி தன் கையால் மூடிய பேரிங்குகளுக்கான தேவையை எழுதி, இதைக் கேட்காமல் விட்டது என் தவறு என்றும் சேர்த்தாள்.

விசாரணை வந்தது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம். அவருடைய கட்டுப்பாட்டு அறை நாற்காலி போயிற்று. தண்டனையாகப் பழுதுபார்ப்பு உதவியாளராக்கி அவளிடமே அனுப்பினார்கள். தண்டனையைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததை விசாரணைக்குழு குறித்துக்கொள்ளவில்லை.

ஆனால் அந்தக் குழு ஒரு காரியம் செய்தது. மாநிலத்தின் ஏழு புல்வெளிகளைச் சுற்றியிருந்த ஊர்களுக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பியது: இதுபோல் வேறு யாராவது உள்ளே போனதுண்டா? உண்மையைச் சொன்னால் நடவடிக்கை இல்லை. ஐந்தாறு பேர் சொல்வார்கள் என்று நினைத்தார்கள். பத்து நாளில் முந்நூற்றுப் பதினோரு கடிதங்கள் வந்தன. ஒளிவேலி வேலை செய்யாத இடங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தன.

இரவுப்பணி முடிந்து அரைமணி நேரம் புல்லில் படுத்துத் தூங்கிவிட்டுப் போகும் ஒரு நர்ஸ். அடுக்குமாடியில் வாய்விட்டுக் கத்த முடியாததால் இங்கே வந்து கத்திவிட்டுப் போகும் ஒருவர். கல்யாணம் செய்துகொள்வோமா என்று உள்ளே நின்று கேட்டு, சரி என்ற பதிலோடு வெளியே வந்த ஒரு ஜோடி. ஒளிவேலியைக் காக்கவே சம்பளம் வாங்கி, உள்ளே அவரைக்கொடி போட்டிருந்த ஒரு காவலர். ஐம்பது வருடத்தில் ஒருநாளும் அந்த நிலம் ஆளில்லாமல் இருந்ததில்லை. சட்டத்தில் மட்டும்தான் அப்படி எழுதியிருந்தது.

மனிதர் கால் வைக்கக் கூடாது என்ற வரியை நீக்கினார்கள். ஞாயிறு காலைகளில் இயந்திரங்கள் நிற்க, கதவுகள் எல்லோருக்கும் திறந்தன. மற்ற பகுதிகளின் அறுப்பான்களுக்கும் காப்பு மாட்டும் வேலை முப்பிடாதியிடம் வந்தது.

கடிதங்களின் நகலை அருள்தாசன் பையிலேயே வைத்திருந்தார். ஐந்தாம் பகுதியின் முதல் அறுப்பானில் காப்பை ஏற்றி, அவள் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். தடையில்லாமல் உருண்டது. அவர் சங்கிலியைக் கொளுவினார்.

"இது அந்த நர்ஸுக்கு," என்றார்.

அடுத்த வண்டிக்குப் போனார்கள். காப்பை ஏற்றிச் சுற்றிப் பார்த்து நிமிர்ந்தாள் முப்பிடாதி.

"இது யாருக்கு சார்?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காகிதத்தைப் புரட்டினார். "கத்துறவருக்கு," என்றார்.