பெருவிரல் அழுத்திய இடம்

பிரான்சிலிருந்து வந்து ஒன்பது நாளாகியும் காசியம்மாவின் வலது பெருவிரலில் அந்த வாடை போகவில்லை. புளி, எலுமிச்சைத் தோல், சாம்பல், சோப்பு என்று ஒன்றையும் விடாமல் தேய்த்துப் பார்த்துவிட்டாள். முப்பது வருஷமாகக் கிளிஞ்சல்மேட்டில் கருவாடு போடுகிறவளுக்கு நாற்றம் புதிதில்லை. ஆனால் இது மீன் நாற்றமில்லை. பழைய மெழுகு, ஊறிப்போன துணி, அதற்கெல்லாம் அடியில் லேசாக ஓர் இனிப்பு. அந்த இனிப்புதான் குமட்டியது. சோற்றைக்கூடக் கரண்டியால்தான் தின்றாள்.

அங்கே வேலையில் இருக்கும் மகன் ஆனந்தராஜ், அம்மாவுக்கு ஊரைக் காட்டுகிறேன் என்று கோட்டை, அரண்மனை, ஓவியக்கூடம் என்று கால் வீங்க நடக்கவைத்தான். கடைசி நாள் ஒரு பழைய மாதாகோயில். அதன் நிலவறையில், நானூறு வருஷத்துக்கு முன் செத்த துறவிகளை உப்புப் போட்டு உலர்த்திச் சுவரோரம் வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். காசியம்மா வேலைப்பாட்டைப் பார்த்தாள். வயிற்றைக் கீறிய விதம், உப்பு அடைத்த விதம். கடைசியில் கிடந்தவர் மட்டும் கொஞ்சம் பளபளப்பாக இருந்தார். மகன் திரும்பியிருந்த நேரத்தில் தடுப்புக் கயிற்றுக்கு மேலே கையை நீட்டி, பாரைக் கருவாடு காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல அவர் வயிற்றில் பெருவிரலை வைத்து அழுத்திவிட்டாள். யோசித்துச் செய்ததில்லை, கைப்பழக்கம். விரல் கணு வரை உள்ளே போனது. உள்ளே வழவழவென்று ஈரம்.

"இன்னும் காயலயே" என்று வாய்விட்டே சொன்னாள். சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம், மீனைக் காயப்போட்டுவிட்டு உள்ளே பாயில் சாய்ந்தாள். வெளியே மகள் தமிழரசி காக்கை விரட்டும் சத்தம். திடீரென்று அறை முழுக்க அந்த வாடை. தொப்புளுக்கு மேலே ஒரு விரல் நிதானமாக அழுத்தியது. வேலை தெரிந்த விரல். பதறி எழுந்தாள். யாருமில்லை. வயிற்றில் பள்ளம் விழுந்திருந்தது, எழும்பவில்லை. அதில் நாலைந்து உப்புக்கல்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். குடம் குடமாகக் குடித்தும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தோல் சுருங்கியது. துடைத்த துண்டில் உப்பு படிந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

"ஒடம்புல தண்ணியே நிக்கலங்கறாங்கம்மா. அங்க போயி என்னத்தத் தொட்ட?" என்றாள் தமிழரசி.

"ஒரு ஆள அழுத்திப் பாத்துட்டேன்டி."

மகளுக்குப் புரியவில்லை. தாயின் வாயிலிருந்து வந்த வாடை தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். காசியம்மாவுக்கோ எல்லாம் புரிந்துவிட்டது. தன்னையும் காயப்போட்டிருக்கிறார்கள்; விரல் உள்ளே இறங்குகிறவரைதான் தனக்கு உயிர். அதனால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள்.

இன்று உச்சிவெயில். வாடை வந்தது. விரல் வந்தது.

அழுத்தியது.

இறங்கவில்லை.

கத்தப் பார்த்தாள். தொண்டையெல்லாம் உப்பு. வெளியே தமிழரசி காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். முதுகுக்கு அடியில் இரண்டு கைகள் நுழைந்தன. வழவழவென்று. ஈரமாக. ஒரு பக்கம் காய்ந்ததை மறுபக்கம் காயவைப்பதுபோல அவளைத் தூக்கிக் குப்புறப் புரட்டிப் போட்டன.

முகம் பாயில் புதைந்தது. மூச்சு இல்லை. நினைவு மட்டும் இருந்தது.

கழுத்துக்குக் கீழே, முதுகுத்தண்டின் ஓரமாக, பெருவிரல் வந்து நின்றது. அழுத்தியது.

கணு வரை உள்ளே போனது.